நெய்னா பண்டாரியும் தலையளவுப் பண்டமும்

மிளகு வாங்கும்போது நெய்னா முகம்மது அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரல்களை மூடி, காதருகே வைத்துக் குலுக்குவார். குலுக்கும்போது கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். சத்தம் பிடித்திருந்தால் "பேசுது" என்பார். பிடிக்காவிட்டால் "ஊமை" என்று சொல்லி மூட்டையிலேயே உதறிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். தம்மாம் சூக் என்கிற சந்தையின் ஏமன்காரக் கடைக்காரர்கள் அவர் வருவதைத் தொலைவில் கண்டதுமே புது மூட்டையைப் பிரித்து வைத்துவிடுவார்கள். காதால் மிளகு வாங்கும் மனிதனுக்குப் பழைய சரக்கைக் காட்டி என்ன பயன்?

சவூதியின் ஜுபைலில் கடலோரமாகத் தொழிற்சாலைகளுக்குக் கடைக்கால் போட்டுக்கொண்டிருந்த எழுபதுகளின் பின்பாதி அது. மணலில் வரிசையாக நிறுத்திய மரவீடுகள், முள்கம்பி வேலி, ஓயாமல் உறுமும் ஜெனரேட்டர். இதற்குப் பெயர் கேம்ப். அதில் இந்தியர்களுக்கான மெஸ்ஸில் நெய்னா முகம்மதுதான் எல்லாம். ஊர் கீழக்கரை. வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். மருதாணி போட்ட தாடி. முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கைலி. குளிர்காலத்தில் மட்டும் செருப்புக்குள் காலுறை. இளமையில் கப்பலில் சமைத்தவர் என்பதால் தன்னை 'பண்டாரி' என்றுதான் சொல்லிக்கொள்வார். 'குக்' என்று கூப்பிட்டால் அவர் காது கேட்காது. அதே காதுதான் மிளகின் சத்தத்தைக் கேட்கும்.

சமைக்கும்போது எதையும் அவர் ருசி பார்ப்பதில்லை. உப்பு சரியா என்று ஆவியை முகர்ந்து சொல்வார். குழம்பு இறங்கும் பதத்தை அது கொதிக்கும் சத்தத்தில் தெரிந்துகொள்வார். ஏன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "நான் வாய் வச்சுட்டா அது என் சாப்பாடாயிரும். அவுங்க சாப்பாட்டுல எனக்கு என்னா வேலை?" என்பார். இதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

அந்தக் கேம்ப்பில் அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்று, அவருடைய ஒற்றைச் சொல். பஞ்சாபி டிரைவர் கடுகுக்கீரை கேட்பான். கீரையே இல்லாத ஊரில், "ஆகும்." ஸ்டோர்கீப்பர் ரகுநாதன் வத்தக்குழம்பு கேட்பார். சுண்டைவற்றல் ஒன்றுகூடக் கைவசம் இருக்காது. "ஆகும் சாமி." எதைக் கொண்டு, எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டு நாளில் ஏதோ ஒன்று தட்டுக்கு வரும். கேட்டவன் வாயில் போட்டுவிட்டுத் தலையாட்டுவான். ஒரு தட்டும் திரும்பி வந்ததில்லை.

இந்தச் சொல்லைத்தான் வித்தாஸ் வந்து சோதனைக்கு இழுத்தார்.

வித்தாஸ் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்த வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் சிவந்த பெரிய தலை, அதில் காதோரம் மட்டும் முடி. குழாய்களின் பற்றவைப்பைச் சோதித்து, தேறாததன் மேல் சுண்ணக்கட்டியால் குறுக்குக் கோடு போடுவது வேலை. வெல்டர்கள் அவரை எமன் என்று அழைத்தார்கள். நல்ல பற்றவைப்பைப் பார்த்தால்கூட அவர் வாயிலிருந்து 'நல்லது' என்று வராது. பேசாமல் அடுத்த குழாய்க்குப் போய்விடுவார். வெள்ளைக்காரர்களுக்குத் தனி மெஸ் இருந்தும், அங்கே வரும் டப்பா இறைச்சி நனைந்த காகிதம் போல இருக்கிறது என்று சொல்லி, நெய்னாவின் மெஸ்ஸில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட வருவார்.

டிசம்பர் மாதக் காலையில் ஒரு நாள், சால்னாவைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு வித்தாஸ் தன் நாட்டுப் பண்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். பிறந்தது லித்துவேனியாவாம். அங்கே பனிக்காலம் தொடங்கும்போது இறைச்சியைக் கொத்தி, உப்பும் பூண்டும் மிளகும் பிசைந்து, மிருகத்தின் இரைப்பைக்குள்ளேயே திணித்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, பிறகு குளிர்ந்த புகையில் நாள்கணக்காகத் தொங்கவிடுவார்கள். அடுப்பில் வேகவைப்பதில்லை. புகையும் காற்றும்தான் அதைப் பக்குவம் செய்ய வேண்டும். கோடையில் புல்லறுக்கும் நாள்களில் அதை மெல்லியதாகச் சீவி ரொட்டியோடு தின்பார்கள். பெயர் ஸ்கிலாந்திஸ்.

இருவரும் பேசிக்கொண்டது பாதி இங்கிலீஷ், கால்வாசி இந்தி, மீதி கை.

"என்னா கறி சார்?" என்று கேட்டார் நெய்னா.

வித்தாஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். பன்றி.

நெய்னா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார். "சரி, அந்தப் பேரைச் சொல்லிட்டீங்க. இனிமே சொல்ல வேணாம். மாட்டுல ஆகும்."

பக்கத்து மேசையிலிருந்த பைப் ஃபிட்டர் முத்துராமன் திருநெல்வேலிக்காரர். கேலி செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. "பாய், நீரு வாயில வச்சே பார்க்காத சாமான். இனியும் வச்சுப் பார்க்க முடியாது. எதை வச்சு ஆகும்ங்கீரு?"

"நான் எதைத்தான் வாயில வச்சுப் பார்த்தேன்? சாமிக்கு வத்தக்குழம்பு வைக்கிறேன்ல, ஐயர் வீட்டுல சாப்பிட்டா வளந்தேன்?"

"ஐயங்கார்" என்று ரகுநாதன் தன் மேசையிலிருந்தே திருத்தினார்.

வேலை அன்றே தொடங்கியது. முதலில் இதை அவர் உப்புக்கண்டம் என்றுதான் எடுத்துக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானி கொடுத்து, பங்கு போக மிஞ்சிய கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து, வெயிலில் காயவிட்டே பழகிய கை. வெயில் பஞ்சமில்லாத ஊருக்கு வந்திருக்கிறோம், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் வித்தாஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வெயில் ஆகவே ஆகாது, கொழுப்பு உருகி ஒழுகிவிடும். இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும். புகையும் சூடாக இருக்கக் கூடாது.

"சூடில்லாத பொகையா? பொகைன்னாலே சூடுதானே சார்?"

அதற்கு முத்துராமன் வழி கண்டார். பழைய எண்ணெய் பீப்பாய் ஒன்றில் நெருப்பு. அங்கிருந்து நீளமான கழிவுக் குழாய் ஒன்றை ஈர மணலுக்கு அடியில் ஓட்டி, இன்னொரு பீப்பாயில் கொண்டுபோய் முடித்தார். புகை மணலுக்கடியில் ஊர்ந்து வருவதற்குள் ஆறிவிடும். குழாயின் இணைப்பைத் தானே பற்றவைத்த முத்துராமன், வித்தாஸ் வந்து பார்ப்பதற்குள் அதன் மேல் மணலைத் தள்ளி மூடிவிட்டார்.

விறகுக்காக நெய்னா நாலு இடம் அலைந்தார். இயந்திரங்கள் வந்த பெட்டிப் பலகையை எரித்து முகர்ந்தார், பிசின் நாற்றம். பேரீச்ச மட்டை, கரி அதிகம். கடைசியில் வேலமரக் கட்டைக்கு வந்து நின்றார். அதோடு கடைசி நாளில் போடுவதற்கு ஒரு செடியின் சுள்ளி வேண்டும் என்று வித்தாஸ் சொல்லியிருந்தார். முள்முள்ளாக இலை, நீலக் காய். அந்த அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு, தம்மாமில் நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரிடம் நெய்னா கையை ஆட்டி ஆட்டிப் பேச, அவர் அபஹா மலைப்பக்கத்திலிருந்து வந்த காய்ந்த கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். வயிற்றுவலிக்கு என்றாராம். அதைக் கொண்டுவந்து கொடுத்ததும் வித்தாஸ் ஒரு காயை விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வெகுநேரம் அந்தக் கையால் வேறு எதையும் தொடவில்லை.

இனி அளவு. பண்டத்தைக் கண்ணால் கண்டிராதவர் கேள்வியால்தான் அதைக் கட்ட வேண்டும். நெய்னா கேட்ட கேள்விகள் அப்படி. கத்தி இறங்கும்போது சத்தம் வருமா? வரும், காய்ந்த தோலை வெட்டுவது போல. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் வெட்ட வேண்டும். பூண்டு எவ்வளவு? கண்ணில் நீர் வரும் அளவுக்கு. எவ்வளவு பெரிது?

"என் தலை அளவு" என்றார் வித்தாஸ், தயங்காமல்.

நெய்னா சாக்குத் தைக்கும் சணலை எடுத்து வந்து வித்தாஸின் தலையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டார். வெல்டர்களை நடுங்கவைக்கும் மனிதர், பள்ளிக்கூடத்தில் உயரம் அளக்க நிற்பவர் போல அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாய், தொப்பி தைக்கப் போறீரோ?" என்றார் முத்துராமன்.

ஆட்டின் இரைப்பையைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, துணி வெளுப்பதுபோல் வெளுத்தார். மாட்டு நெஞ்சுக் கொழுப்பைத் தனியாக, கறியைத் தனியாகக் கத்தியால் கொத்தினார். அரவை இயந்திரம் கறியைக் கூழாக்கிவிடும் என்பது அவர் கட்சி. பிஸ்மி சொல்லித் திணித்தார். தைத்தார். குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, பலகைக்கு நடுவே வைத்து, மேலே குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சு என்ற இரும்பு வளையங்களைப் பாரமாக ஏற்றினார். பிறகு புகை. எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி மிஞ்சியது: வாரக்கணக்கில் குளிர்ச்சியாகத் தொங்க ஓர் இடம் எங்கே?

அந்தக் கேம்ப்பிலேயே நன்றாக ஓடும் ஏசி ரகுநாதனின் அறையில் இருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ஸ்டோரிலிருந்து நல்ல டார்ச் லைட் கொடுக்கிறவர் அவர்தான். முட்டைகூடத் தொடாத கும்பகோணத்து மனிதர். ஜன்னலோரம் லட்சுமி படம், ஊதுவத்தி ஸ்டாண்ட்.

"சாமி, ஒரு விருந்தாளி."

"யாரு?"

நெய்னா துணியை விலக்கிக் காட்டினார். ரகுநாதன் கட்டிலில் ஏறி நின்றுகொண்டார்.

"நெய்னா பாய், இது நியாயமா? நான் இந்தப் பக்கம் படுத்துண்டு, அது அந்தப் பக்கம் தொங்கிண்டு. பெருமாளே கோச்சுக்குவார்."

"படத்தை அங்கிட்டு திருப்பி வச்சுக்கலாம்."

"படத்தைத் திருப்பறதாவது! அதைத் திருப்புங்கோ."

இரைப்பைக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஆனாலும் நெய்னா அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பித் தொங்கவிட்டார். ரகுநாதனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நடுவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டார். 'ரூம்மேட் எப்படி இருக்கார்?' என்று கேம்ப்பே அவரைக் கேட்டது.

ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்து, மெஸ் மேசையில் அதை வைத்து அறுத்தார்கள். பார்க்க ஒரு கூட்டமே நின்றது. வெளித்தோல் கருத்து, பழைய சேணம் போல மினுங்கியது. கத்தி இறங்கும்போது வித்தாஸ் சொன்ன அதே சத்தம் வந்தது. நெய்னா கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். விளிம்பில் இரண்டு விரல் ஆழம் வரை மாதுளைச் சிவப்பு.

அதற்கு உள்ளே சாம்பல் நிறம். கூடவே ஒரு வாடை. முதல் வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் வரிசைக்குப் போனார்கள். இரண்டாம் வரிசை வாசலுக்குப் போயிற்று.

வித்தாஸ் குனிந்து, பற்றவைப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வெளியே சரி," என்றார். "உள்ளே வேர் பிடிக்கவில்லை." பற்றவைப்பில் அடிவரை உலோகம் உருகிச் சேராவிட்டால் அப்படித்தான் சொல்வார். அவர் வாயில் வெளியே சரி என்பதே பெரிய வார்த்தை என்று முத்துராமனுக்குத் தெரியும். நெய்னாவுக்குத் தெரியாது. அவர் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய், மணலில் ஆழமாகப் புதைத்துவிட்டு வந்தார். கேம்ப் பூனைகள் அன்று மாலை வரை அந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

மறுநாள் பஞ்சாபி டிரைவர் வந்து ஏதோ கேட்டான். "பாக்கலாம்" என்றார் நெய்னா. தனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லையோ என்று அவன் இன்னொரு முறை கேட்டான். "பாக்கலாம் பாய்." அந்த வாரம் ரகுநாதன் மோர்க்குழம்பு கேட்டதற்கும் அதே பதில். சமையலில் குறை ஒன்றுமில்லை. சோறு சோறாகவும் குழம்பு குழம்பாகவும் வந்தன. ஆனால் சாப்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழம்பில் உப்பு குறைந்திருந்தால்கூட இவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டார்கள். அதற்கிடையில் வித்தாஸின் வேலை முடியப்போகும் செய்தியும் வந்தது. மார்ச் கடைசியில் கிளம்புகிறார். அதற்குள் வெயிலும் ஏறிவிடும். இன்னொன்று கட்டுவதென்றால் உடனே கட்ட வேண்டும். எங்கே தவறினோம் என்று தெரியாமல் எதைக் கட்டுவது?

விடை அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அடுத்த லீவில் ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்த சாமான்களை வெயில் படவைக்க ஒரு நாள் வெளியே எடுத்தார். மனைவி நஸீராவுக்கு வாங்கிய துணி, அத்தர் புட்டிகள், இளைய மகனுக்கு வாங்கிய ஜரிகைத் தொப்பி. தொப்பியைத் தூசி தட்டி, சும்மா தன் தலையில் வைத்துப் பார்த்தார். போணிக்கு மூடி போட்டதுபோல் உச்சியில் உட்கார்ந்தது. பையனுக்குப் பத்து வயது.

தொப்பியைத் தலையிலேயே மறந்துவிட்டு வித்தாஸின் ஆபீசுக்கு நடந்தார்.

"சார், நீங்க அதைக் கடைசியாப் பார்த்தப்ப உங்களுக்கு என்னா வயசு?"

வித்தாஸ் வரைபடத்திலிருந்து நிமிர்ந்து அந்தத் தொப்பியைப் பார்த்தார். "பத்து. பதினொன்று இருக்கலாம். சண்டை வந்தது, ஊரை விட்டு ஓடினோம். அது மச்சில் தொங்கிக்கொண்டே இருந்தது. அம்மா தையல் மெஷினை எடுத்துக்கொண்டாள்."

"தலை அளவுன்னீங்களே, எந்தத் தலை?"

வித்தாஸ் இரண்டு கைகளாலும் தன் பெரிய தலையைப் பிடித்துப் பார்த்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்று ஆபீஸ் மொத்தமும் எட்டிப் பார்த்தது.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார் நெய்னா. சின்ன உருண்டையாக இருந்தால்தானே நடுவரை காற்றும் புகையும் போய்ச் சேரும். அதனால்தான் முதலாவது நடுவில் கெட்டது. அது மட்டுமா? வெட்டக் கஷ்டம் என்றாரே, அது பையன் கைக்குத்தானே. பூண்டுக்குக் கண்ணில் நீர் வந்தது என்றாரே, அந்த வயதில் எதற்குத்தான் வராது? நாக்கைச் சுட்டது என்ற மிளகும் அப்படியே. பத்து வயதுக்காரன் நாக்குக்குப் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக் குறைத்துக்கொண்டே வந்தார். உப்பை மட்டும் குறைக்கவில்லை. "உப்பு வயசு பார்க்காது" என்றார்.

இந்த முறை சணலால் அளக்கவில்லை. சின்ன இரைப்பையாகத் தேடி வாங்கி, திணித்துக் கட்டும்போது நடுநடுவே தொப்பியைச் சுத்தமான துணி சுற்றி அதன் மேல் வைத்துப் பார்த்தார். தொப்பி சரியாக உட்கார்ந்ததும் நிறுத்தினார். எங்கும் காற்று தங்கிவிடாதபடி தையலூசியால் அங்கங்கே குத்தி விட்டார். பலகை, பாரம், புகை. மணலுக்கடியில் குழாய் இன்னும் இருந்தது.

ரகுநாதன் அறைக்கு எப்படிப் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை. போன முறை அறையை நாலு நாள் திறந்து போட்டு, சாம்பிராணி போட்டு, அதற்குப் பிறகும் அவர் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார். நெய்னா மெஸ் வாசலில் பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை ரகுநாதன்தான் பார்த்தார்.

"அங்கே என்ன நிக்கறேள்? அது தொங்கின கொக்கியை நான் கழட்டலை."

"சாமி, போன தடவை..."

"போன தடவை போன தடவையோட போச்சு. எனக்கு மோர்க்குழம்பு கேட்டா பாக்கலாம்னு பதில் வர்றதை இன்னும் எத்தனை நாள் கேட்டுண்டு இருக்கறது? கொண்டாங்கோ. சுவரைப் பார்க்கத்தான் தொங்கணும்."

மார்ச் நடுவில் ஜெனரேட்டர் நின்றுபோனது. பகல் வேளை, மரவீடுகள் நொடியில் அடுப்பாகிவிடும். அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்த நெய்னா போட்டது போட்டபடி ஓடினார். ரகுநாதன் டியூட்டியில் இருப்பார், அறை பூட்டியிருக்கும் என்று பயந்துகொண்டே போனால் கதவு திறந்து கிடந்தது. ரகுநாதன் ஸ்டோரை அப்படியே போட்டுவிட்டு அவருக்கு முன்பே வந்திருந்தார். தன் துண்டை நனைத்து அதைச் சுற்றிக் கட்டிவிட்டு, கட்டிலின் மேல் ஏறி நின்று, ஸ்டாக் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். முகத்தை மட்டும் லட்சுமி படத்தின் பக்கம் திருப்பியிருந்தார்.

"சாமி, விடுங்க, நான் விசிறுறேன்."

"நீங்க போய் ஐஸ் கொண்டாங்கோ. பேச்செல்லாம் அப்புறம்."

வழியில் அதைப் பார்த்துவிட்ட முத்துராமன் வாயைத் திறந்தார். ரகுநாதன் அட்டையை ஓங்கினார். முத்துராமன் வாயை மூடிக்கொண்டு, ஐஸ் தூக்கப் போனார். கரண்ட் வரும்வரை மூவரும் மாறி மாறி விசிறினார்கள்.

வித்தாஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, ரகுநாதனின் அறையிலேயே அதை அறுப்பது என்று முடிவாயிற்று. கூட்டம் வேண்டாம் என்று நெய்னா சொல்லிவிட்டார். போன முறைக் கூட்டம் இன்னும் அவர் கண்ணில் இருந்தது. வித்தாஸ் கட்டிலில் உட்கார்ந்தார். முத்துராமன் வாசலில் சாய்ந்து நின்றார். ரகுநாதன் தன் வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் பார்க்க வேண்டாம். என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்கோ" என்றார். ஆனால் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பிடித்திருந்தார்.

நெய்னா ஸ்டூல் மேல் பலகையைப் போட்டு, கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். கத்தியை எடுத்தவர், வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார்.

"பாய், இன்னைக்கே அறுப்பீரா?" என்றார் முத்துராமன். அவர் குரலில் கேலி இல்லை.

கத்தி இறங்கியது. இரண்டு பாதியும் பலகையில் சாய்ந்தன. விளிம்பிலிருந்து நடு வரை ஒரே சிவப்பு. நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு, கொத்தியது கொத்தியபடி. நெய்னா குனிந்து நடுப்பாகத்தை முகர்ந்தார். புகை, பூண்டு, அந்த மலைச் சுள்ளி. வேறு வாடை இல்லை. ஆனால் கெடாமல் இருப்பது வேறு, அதுவாக இருப்பது வேறு. அதைச் சொல்ல அந்த அறையில் ஒரே ஒரு நாக்குதான் இருந்தது. அதுவும் எதையும் நல்லது என்று சொல்லிப் பழகாத நாக்கு.

கனமாக ஒரு துண்டு அறுத்துக் கத்தி முனையிலேயே நீட்டினார். வித்தாஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

நெய்னா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாக, பிறகு இன்னும் மெதுவாக, பிறகு நின்றுவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திரையை விலக்கிய விரல் ஒன்று நான்கு விரலாயிற்று.

வித்தாஸ் கண்களை மூடியிருந்தார். மூடிய கண்களைத் திறக்காமலே வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, அடுத்த துண்டுக்காக வைத்துக்கொண்டிருந்தார்.

நெய்னா சுற்றிய கயிற்றைக் கீழே போட்டார்.

"முத்துராமா, உள்ள வந்து கதவைச் சாத்து" என்றார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, அடுத்த துண்டை அதன் வழியே விளக்கு வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லியதாகச் சீவத் தொடங்கினார்.